மூச்சுவிட ஒரு பாலைவனம்

அமெரிக்காவுக்கு நான் கிளம்பியது நயாகராவைப் பார்க்க. பார்த்துவிட்டு வந்தது பாலைவனத்தை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவு தூரம் போய் பாலைவனமா? அங்க என்ன இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை.

என் அக்கா எஸ்தர் அப்போது நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தாள். அத்தான் சாமுவேல் அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ஒரே மகள் ஷீலா, ஒன்பதாம் வகுப்பு. எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், கல்லூரியில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். நான் தாவரவியல் நடத்துகிறவள். அந்த ஊரின் பச்சையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். வீட்டைச் சுற்றிப் புல், புல்லைத் தாண்டி மேப்பிள், மேப்பிளைத் தாண்டிக் காடு.

அந்தப் பச்சைதான் அக்காவுக்கு ஆகவில்லை. வசந்தத்தில் மகரந்தம், கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் ஈரம். வருடத்தில் முக்கால்வாசி நாள் அவளுக்கு மூச்சிளைப்பு. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற ஜெபக் கூட்டத்துக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பாதியில் அக்காவைக் காணவில்லை. வெளியே வந்து தேடினால், எங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தேன். "ஏட்டி, உள்ள போ. யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று என்னை விரட்டினாள்.

டாக்டர் வறண்ட ஊருக்கு மாறிப் போகச் சொல்லியிருந்தார். அத்தான் பல இடங்களுக்கு அப்ளை பண்ணி, அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊரில் ஒரு ஆய்வுக்கூடம் அவரைக் கூப்பிட்டிருந்தது. அக்கா மசியவில்லை.

"கள்ளிக்காட்டுல கொண்டுபோய் என்னயத் தள்ளப் பாக்கியளா?"

"ஒரு வாரம் போய்ப் பாப்போம், எஸ்தர். பிடிக்கலைன்னா அந்தப் பேச்சையே விட்டுருதேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி மெர்சி, நீ செடி கொடி படிச்சவ. நீயும் வா. மனுஷர் இருக்கக்கூடிய எடமான்னு நீ பாத்துச் சொல்லு."

இப்படித்தான் நயாகரா கைவிட்டுப் போனது.

டூசானில் நாங்கள் இறங்கியது ஜூலை மாத மத்தியானம். திருநெல்வேலிக்காரிக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பில் இருந்தேன். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பேக்கரிக்காரர் அடுப்பின் வாயைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதுமே, அப்படி ஒரு காற்று. வாடகைக் காரின் சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டு ஷீலா விரலைச் சுட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு அதிசயம். எங்கள் யாருக்கும் வியர்க்கவில்லை. வியர்வை தோலுக்கு வந்து சேருவதற்குள் காய்ந்துவிடுகிறது. அன்று மோட்டலில் என் பருத்திச் சேலையை அலசி வெளியே கம்பியில் போட்டுவிட்டு, அக்கா சேலையை அலசி எடுத்துக்கொண்டு திரும்பினேன். முதல் சேலை அப்பளமாய் நின்றது.

நாலு பக்கமும் மலை. கீழிருந்து பார்த்தால் மரமே தெரியாத பாறை மலை. சாயங்காலம் வெயில் சாயச் சாய அது மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, கடைசியில் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. வானம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்கா மோட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெளியே வந்தால், மோட்டல் நீச்சல்குளத்தில் வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர். பூப்போட்ட ரப்பர் தொப்பி அணிந்து, தண்ணீருக்குள் நின்று ஒரே தாளத்தில் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் முழங்கால் வலித் தைலத்தோடு கட்டிலில் இருப்பார்கள். இங்கே ஒருத்தி எனக்குக் கையாட்டி, "நீயும் குதி!" என்றாள். சேலையைக் காட்டித் தப்பித்தேன்.

காலைச் சாப்பாட்டுக்கு எதிரே ஒரு மெக்ஸிகோக்காரர் கடை. சுடச்சுட சப்பாத்தி மாதிரி ஒன்றைத் தட்டிப் போட்டு, அவித்த பயறும் முட்டையும் வைத்து, பக்கத்தில் பச்சை மிளகாய் அரைத்த துவையலும் தந்தார்கள். நியூ ஜெர்சியில் உப்புச் சப்பில்லாத ரொட்டியைத் தின்று வெறுத்துப்போயிருந்த எனக்குக் கண்ணீரே வந்தது. பாதி காரத்தால், பாதி சந்தோஷத்தால்.

பக்கத்து மேஜையில் இரண்டு ஜோடிகள் அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று தொடங்கும். இங்கே பேச்சு இப்படித் தொடங்கியது:

"நாங்கள் மிச்சிகன். இவருக்கு நுரையீரல். உங்களுக்கு?"

"எனக்கு ஆஸ்துமா. இவளுக்கு மூட்டு. வந்த வருஷமே கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டாள்."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது லேசாக இருமல் வந்தது. பரிமாறிய பெண் கேட்காமலே ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், நியூ ஜெர்சி டாக்டர் சொல்லியனுப்பிய நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் நான் மூக்கால் மணம் பிடித்துப் பார்த்தேன். பினாயில் வாடையே இல்லை. நடுவில் திறந்த முற்றம், அதில் கள்ளிச் செடிகள், சுற்றிலும் நீண்ட வராந்தா. அக்காவை ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். "இன்னும், இன்னும், இன்னும்!" என்று கத்தி உற்சாகப்படுத்தவே ஒரு இளைஞர். மூச்சுக்கென்றே படித்து, மூச்சு வேலை மட்டும் பார்க்கிற ஆட்களாம். நியூ ஜெர்சியில் ஊதியதைவிட நன்றாகவே ஊதியிருக்கிறாள் என்றார்கள். திரும்பும் வழியில் அத்தான் காரில் சர்ச் பாமாலை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நாலாம் நாள் எனக்கானது. ஊரின் மேற்கே மலைச்சரிவு முழுவதும் சகுவாரோ என்கிற கள்ளிமரங்கள். எங்கள் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். கள்ளி எனக்குப் புதிதில்லை. ஆனால் இவை இரண்டு மாடி உயரம். தண்டு முழுவதும் சேலைக் கொசுவம்போல மடிப்பு. மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும். வறட்சியில் மறுபடி சுருங்கும். இந்த மரம் ஒரு கிளை விடுவதற்குள் ஒரு மனித ஆயுள் கிட்டத்தட்ட முடிந்துவிடுமாம். உச்சியில் பழம் வெடித்துச் சிவப்பாய் மலர்ந்திருந்தது. மரங்கொத்தி குடைந்த பொந்திலிருந்து ஒரு குட்டி ஆந்தை எட்டிப் பார்த்தது. கீழே படர்ந்து கிடந்தது நம் சப்பாத்திக்கள்ளியின் சொந்தக்காரன். இந்தக் கண்டத்திலிருந்துதான் அது கப்பலேறி நம் வேலிகளுக்கு வந்தது என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். அதன் பிறந்த வீட்டுக்கே வந்து நிற்பேன் என்று நினைத்ததில்லை.

பிறகு வடக்கே இருந்த மலைமேல் கார் ஏறியது. கள்ளி மறைந்து புல் வந்தது, புல் மறைந்து ஓக் வந்தது, உச்சிக்குப் போனபோது பைன் காடு. ஷீலாவுக்குக் குளிரில் பல் தந்தி அடித்தது. இலைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு நான் ஓடி ஓடிப் பார்த்ததில் அக்கா சிரித்துவிட்டாள்.

"இவ இங்கயே இருந்துருவா போலிருக்கே," என்றாள் அத்தானிடம்.

"ஒனக்கு எப்படி இருக்கு?"

"மூச்சு லேசாத்தான் இருக்கு," என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா துவரம்பருப்பு கெடைக்குமா?"

அத்தான் விசாரித்து வைத்திருந்தார். ஃபீனிக்ஸில் ஒரு இந்திய மளிகைக் கடை இருந்தது. போக ஒரு காலைப்பொழுது, வர ஒரு மத்தியானம். ஐந்தாம் நாள் கிளம்பினோம். கடை சின்னதுதான். பருப்பு இருந்தது, புளி இருந்தது, கறிவேப்பிலைகூட இருந்தது. பின்னால் வைத்திருந்த பையிலிருந்து வந்த பெருங்காய வாசனையோடு டூசானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா முன்சீட்டில் நல்ல மனநிலையில் இருந்தாள். எந்த அறையை ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலறை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்றெல்லாம் பேச ஆரம்பித்திருந்தாள்.

எதிரே தூரத்தில் ஒரு பழுப்பு மலை தெரிந்தது.

"காலையில வரும்போது அங்க மலை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

மடியில் மேப்பை விரித்து வைத்திருந்த ஷீலா நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, அது நகருது."

அது புழுதி. தரையிலிருந்து வானம் வரை ஒரு சுவராக எழும்பி வந்துகொண்டிருந்தது. ஓரங்கட்டலாமா என்று அத்தான் யோசிப்பதற்குள் எங்களை விழுங்கிவிட்டது. பகல் அணைந்தது. காரின் முன்பக்கமே கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தான் தடுமாறி ரோட்டோரம் இறக்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டார். ஏசி புழுதியை உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அதை அணைத்தார். கார் வாணலியாகக் காய்ந்தது.

அக்காவின் மூச்சு சீட்டி அடிக்க ஆரம்பித்தது. மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பலன் இல்லை. பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவள் முதுகைப் பிடித்தேன். விலா எலும்புகள் என் விரலுக்கடியில் குழிந்து குழிந்து எழுந்தன.

யாரோ கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்கள். ஈரத்துண்டால் முகத்தைச் சுற்றிய ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்.

"விளக்கை அணையுங்கள்!" என்று கத்தினாள். "பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்! பின்னால் வருகிறவன் உங்கள் விளக்கைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகிறது என்று நினைத்து உங்கள் மேல் வந்து ஏறுவான்!"

அத்தான் அணைத்தார். அதற்குள் அவள் அக்காவைப் பார்த்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "என் வேன் உங்களுக்கு முன்னால்தான் நிற்கிறது. தூக்குங்கள்," என்றாள்.

கண்ணில் மண் அடிக்க, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வேன். உள்ளே ஒரு முதியவர் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். குழாய் போய்ச் சேர்ந்த இடம், காலடியில் ஒரு பச்சை நிற ஆக்ஸிஜன் சிலிண்டர். அவர் பெயர் வால்டர், எங்களைக் கூட்டிவந்தவள் அவர் மனைவி டோரத்தி என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அவர் அக்காவை ஒரு தரம் பார்த்தார். தன் மூக்குக் குழாயைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து நீட்டினார்.

"வால்டர்!" என்றாள் டோரத்தி.

"நான் கொஞ்ச நேரம் சமாளிப்பேன். இந்தப் பெண்ணால் முடியாது."

மாற்று சிலிண்டர் ஒன்று இருந்தது. ஆனால் அதைத் திறந்துவிடும் கருவி ஒன்றே ஒன்றுதான். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே காற்று. கொஞ்ச நேரம் அக்கா. அவர் விரலைத் தூக்கினால் அவருக்கு. அவர் நெஞ்சு கொஞ்சம் ஆறியதும் மறுபடி அக்காவுக்கு. அவர் ஒவ்வொரு தடவையும் விரலைத் தூக்கக் காலம் தாழ்த்தினார். டோரத்தி அவர் முகத்தைப் பார்த்து, அவர் தூக்கும் முன்பே குழாயை மாற்றினாள். வெளியே வேனை யாரோ மண்வெட்டியால் அடிப்பதுபோலச் சத்தம். அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். அவர் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தன.

வேனில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்கிற ரேடியோ இருந்தது. டோரத்தி அதில் ஆம்புலன்ஸ் கேட்டாள். எந்த மைல் கல் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஷீலாதான் சொன்னாள். மேப்போடு ஒப்பிட்டுக் கற்களைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டு, பிறகு அம்மாவின் பாதங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புழுதி மெலிந்து சூரியன் ஒரு பித்தளைத் தட்டு மாதிரி தெரிந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது.

இரண்டு நாள் முன்பு அக்கா சிரித்துக்கொண்டே ஊதிய அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வாசலில் பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை. முதலில் முகமூடி, ஊசி, மருந்துப்புகை. மூச்சு வேலை பார்க்கிறவர்கள் மூன்று பேர் மாறி மாறி அவள் பக்கத்திலேயே நின்றார்கள். மறுநாள் காலை நான் போனபோது அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி மாதிரி எதையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண். அத்தான் அவரிடம் கிட்டத்தட்டச் சண்டைக்கே போனார். வறண்ட காற்று குணமாக்கும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்.

அவர் கோபப்படவில்லை. "மூச்சு முட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் இங்கே வந்தார்கள்," என்றார். "வந்தவர்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம். மல்பெரி நட்டார்கள், ஆலிவ் நட்டார்கள், புல் வளர்த்தார்கள். இப்போது இங்கேயும் மகரந்தம். புழுதியோ எப்போதும் உண்டு. அற்புதம் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வருடத்தில் நல்ல நாட்கள் அதிகமாகும். கெட்ட நாள் வந்தால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

ஒரு தாவரவியல்காரியாக அந்த இடத்தில் எனக்குப் புல்லரித்தது. மனிதர்கள் ஓடி வருகிறார்கள். விட்டு ஓடியதையே கையோடு எடுத்து வந்து நடுகிறார்கள்.

அத்தான் முடிவு கட்டிவிட்டார். "போதும், எஸ்தர். நியூ ஜெர்சிக்கே போயிருவோம். ஒன்னச் சாகக் குடுக்கப் பாத்தேனே."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இங்க வந்துருவோம்ங்க."

அத்தான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

"நான் நல்லாத்தான் இருக்கேன். கேளுங்க," என்றாள். நிறுத்தி நிறுத்தித்தான் அவளால் பேச முடிந்தது. "அங்க எனக்கு இருமல் வந்தா மொதல்ல பயம் வராது. வெக்கம்தான் வரும். யாரு பாக்கா, எங்க போய் ஒளியன்னு. நேத்து அந்தப் புழுதிக்குள்ள செத்துருவேன்னு பயம் இருந்துச்சு. ஆனா பயம் மட்டும்தாங்க. வெக்கமே இல்ல. அந்தப் பெரியவர் தன் மூக்குல இருந்ததக் கழத்தி எனக்குத் தாராரு, நானும் வாங்கி வச்சிக்கிடுதேன். என்ன ஏதுன்னு ஒரு பேச்சு இல்ல. பத்து வருஷத்துல நான் ஒளியாம இருமுனது நேத்துதான்."

அத்தான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என்னைத்தான் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். ஆனால் நான் பார்த்ததெல்லாம் செடியும் மலையும். அவள் பார்த்தது வேறு.

அன்று சாயங்காலம் வால்டரும் டோரத்தியும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். அவர் ஒஹையோவில் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை செய்தவர். நெஞ்செல்லாம் அந்தத் தூள். இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று அங்கே கைவிரித்தார்களாம். அப்போது பிறக்காத பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறார்கள் என்று சொல்லி, இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார். மளிகைக்கடைப் பையிலிருந்த முறுக்கை ஷீலா எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல் இருந்த காலத்தில் உங்களைச் சந்தித்திருக்கக் கூடாதா என்றார்.

அப்போதுதான் மழை வந்தது. அந்த வருடத்து முதல் மழையாம். இடி இடித்த அடுத்த நிமிடம் நர்ஸ்கள் முற்றத்துக் கதவுகளை எல்லாம் திறந்தார்கள். அறைகளிலிருந்து நோயாளிகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். சக்கர நாற்காலியில் சிலர், சிலிண்டர் வண்டியை உருட்டிக்கொண்டு சிலர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிலர். வராந்தா நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவோம். இங்கே எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். முற்றத்துக்கு அப்பால், சின்ன இலையும் பிசுபிசுப்புமாக ஒரு புதர் பாலைவனமெங்கும் வளர்ந்து கிடக்கிறது. மழைத்துளி பட்டதும் அதிலிருந்து ஒரு வாசனை எழுந்து ஊரையே நிறைத்தது. கற்பூரமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி என்று சொல்லலாம்; சரியாகச் சொன்னதாகாது. காற்றை அளந்து அளந்து விடுகிற அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி அதை இழுத்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குள் அக்கா குடும்பம் டூசானுக்குக் குடிபோய்விட்டது. வீட்டு முன்னால் புல் வைக்கவில்லை. கூழாங்கல் பரப்பி, நடுவில் ஒரு சின்னக் கள்ளிமரம் நட்டார்கள். இளைப்பு அவளை முழுசாக விட்டுப் போகவில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. கெட்ட நாட்களுக்கென்று காரிலேயே ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறாள். மற்ற நாட்களில் ஞாயிறு பள்ளி எடுக்கிறாள், மலைச்சரிவில் நடக்கிறாள், நீச்சல்குளத்துப் பெண்களோடு தொப்பி போட்டுக்கொண்டு இறங்குகிறாள் என்று கேள்வி; இதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.

வால்டர் அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் பார்த்தார். மூன்றாவதன் முதல் மழை வந்தபோது டோரத்தி ஊரில் இல்லை. அக்கா காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அவரை வாசலுக்கு அழைத்து வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாளாம். மழை விடும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு குழாயோடு.